கிட்டங்கியிலிருந்து வந்த விருந்தாளி

அரபி மத்ரஸாவில் ஓதியவர்களுக்குக் கிளியோடு உள்ள பழக்கமெல்லாம் கிதாபு வழியாக வந்த பழக்கந்தான். உண்ணத் தகுந்தவை, தகாதவை பற்றிய பாடத்தில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது ‘மின்ஹாஜ்’ நூலில் மயிலையும் கிளியையும் உண்ணலாகாதவற்றின் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். ஸஜ்தா திலாவத் பற்றிய பாடத்தில் அது மறுபடியும் தலைகாட்டும். பழக்கப்பட்ட கிளியொன்று ஸஜ்தாவுடைய ஆயத்தை ஓதினால், கேட்டவர் ஸஜ்தா செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை, ஓதுகிற அதற்கு நாட்டம் என்பது கிடையாது என்று ஷாஃபிஈ ஃபிக்ஹு நூலார் விடை தருவார்கள். இந்த மஸ்அலாவை ஓதிய வயதில் நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்படியொரு கிளி எந்த ஊரில் இருந்தது என்று கேட்ட என் தோழரை உஸ்தாத் அவர்கள் ஏற இறங்கப் பார்த்து, “பொருள் தெரியாமல் ஓதுகிறாயே, உன் ஊரில்தான்” என்றார்கள். அந்தச் சிரிப்பு அடங்கப் பல நாட்களாயின.

அத்தகைய கிளியொன்று என் ஐம்பத்தாறாம் வயதில் என் வீட்டுக்கே வந்து சேரும் என்று அன்று யார் நினைத்தார்கள்?

அது வந்த வரலாறு இது. எங்கள் ஊரில், மூன்று தெரு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். வளைகுடாவில் நெடுங்காலம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். மனைவி முன்பே மௌத்தாகிவிட்டார். ஒரே மகள் கணவரோடு ஷார்ஜாவில் வாழ்கிறார். தனிமைக்குத் துணையாக, பறவை வளர்ப்பவர் ஒருவரிடம் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக் குஞ்சொன்றை வாங்கிப் பதினோராண்டு வளர்த்தார். உடலெல்லாம் சாம்பல் நிறம். வால் மட்டும் குங்குமச் சிவப்பு. இந்த இனத்தை வளைகுடா அரபிகள் ‘காஸ்கோ’ என்பார்கள். அவரும் அதையே பெயராக வைத்துவிட்டார். இச்சொல்லுக்கு வேர் தேடிப் பழைய அரபி அகராதிகளைப் புரட்டுவது வீண். இது சந்தை வழக்கு. தமீரீ (ரஹ்) அவர்கள் ‘ஹயாத்துல் ஹயவான்’ நூலில் கிளியை ‘பப்பகா’ என்னும் தலைப்பில்தான் எழுதியிருக்கிறார்கள்.

பெரியவர் மௌத்தானபின் வீடு பூட்டப்பட்டது. சாவியை வாங்கிக்கொண்ட உறவினர்கள் பறவையைக் கூண்டோடு தங்கள் கிட்டங்கியில் கொண்டு வைத்தார்கள். கொடுமை செய்யும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரு கிண்ணம் சோறு, ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதை, தண்ணீர் என்று நாள்தோறும் வைத்தார்கள். ஆனால் மூட்டைகளுக்கு நடுவே, வெளிச்சமும் குரலும் இல்லாத இடத்தில் மூன்று மாதம் கிடந்த பறவை, தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கத் தொடங்கிவிட்டது. மூட்டை எடுக்க வந்த கூலியாள் ஒருவர் அதைக் கண்டு கால்நடை மருத்துவரான அம்மையாரிடம் சொல்ல, அவர் ஓர் இடம் தேடினார். என் இளைய மகள் கல்லூரியில் விலங்கியல் படிப்பவள். அவள் வழியாகப் பேச்சு என்னிடம் வந்தது.

நான் உடனே சரியென்று சொல்லவில்லை. இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவது சட்டம். நம் நாட்டுப் பச்சைக்கிளி 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது; அதைக் கூண்டிலடைத்து வளர்ப்பது குற்றம். நம்மில் பலர் இதை அறியாமலே ‘மிட்டு’ வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாம்பல் கிளியோ அயல்நாட்டுப் பறவை. ஆனால் அதற்கும் கட்டுப்பாடு உண்டு. மேற்கு, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து இலட்சக்கணக்கில் பிடித்து விற்றதனால் அவ்வினம் அருகிப்போய், 2017-ஆம் ஆண்டு முதல் காட்டுப் பறவைகளின் உலக வணிகம் உடன்படிக்கையால் தடுக்கப்பட்டுவிட்டது. கானா நாட்டில் 1992-க்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்துவிட்டன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இங்கே இவ்வகைப் பறவை வைத்திருப்போர் 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படி அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். ஷார்ஜாவிலிருந்த மகளின் சம்மதத்தைப் பெற்று, தாள்களை ஒழுங்கு செய்வதற்கே பல நாட்கள் பிடித்தன.

இரண்டாவது கேள்வி மார்க்கம் பற்றியது. பறவையை அடைத்து வைக்கலாமா? அனஸ் (ரலி) அவர்களுடைய சின்னத் தம்பி அபூ உமைர் ஒரு சிட்டு வளர்த்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சிட்டின் பெயரைச் சிறுவரின் பெயரோடு இசைத்து, அன்போடு விசாரித்த செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இந்தச் சின்னஞ்சிறு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களைத் திரட்டி இப்னுல் காஸ் (ரஹ்) என்னும் ஷாஃபிஈ அறிஞர் தனி ஏடே எழுதினார். ஹிஜ்ரி 335-இல் மறைந்தவர் அவர். பறவை வளர்க்கலாம் என்பது அந்தப் பயன்களுள் ஒன்று. குரல் கேட்டு மகிழப் பறவைகளைக் கூண்டில் வைப்பது பற்றி இமாம் கஃப்பால் (ரஹ்) அவர்களிடம் கேட்டபோது, அவற்றின் தேவைகளை உடையவன் கவனித்துக்கொள்வானாயின் ஆகும் என்றார்கள். அந்த ‘ஆயின்’ என்னும் சொல்லில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியும் அதே ஹதீஸ் நூல்களில்தான் இருக்கிறது. தேவை என்பது என்ன? தானியமும் தண்ணீரும் கிட்டங்கியிலும் கிடைக்கத்தானே செய்தன!

காஸ்கோ வந்த அன்று அதன் எடை 352 கிராம். இவ்வினத்துக்கு நானூற்றுக்கு மேல் இருக்க வேண்டுமாம். மருத்துவர் அலகைச் சீராக்கி, மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “ஹஜ்ரத், ஒரு மாசத்துக்கு நீங்க யாரும் அதுகிட்ட எதையும் எதிர்பார்க்காம இருக்கணும். அதுதான் முதல் வைத்தியம்.”

எதிர்பாராமல் இருப்பது எளிய காரியமன்று. கூண்டை நடுக்கூடத்தில் வைக்காமல், முன்னறையின் ஒரு மூலையில், இரண்டு பக்கம் சுவர் இருக்கும்படி, எங்கள் மார்பளவு உயரத்தில் வைத்தோம். முதுகுப் பக்கம் காவல் இருந்தால்தான் பறவை கண்ணயரும். யாராவது நேருக்கு நேர் பார்த்தால் இறகுகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, நாய் உறுமுவதுபோல் உறுமும். இரண்டு கண்ணும் முன்னோக்கியவை வேட்டையாடும் பிராணிகள், நமக்கும் அப்படித்தான். “வாப்பா, அது நம்மளப் பாக்கட்டும். நாம அதப் பாக்க வேணாம்” என்றாள் மகள். ஆகவே அஸருக்குப் பின் நான் அந்த அறையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, மறுநாள் பாடத்துக்குரிய கிதாபை வாய்விட்டு வாசிக்கலானேன். முதலில் கூண்டுக்கு ஆறு முழத் தொலைவில் பாய் போட்டேன். இரண்டு நாளைக்கொரு முறை ஒரு சாண் நெருங்குவேன். அது உடலை ஒடுக்கினால் இரண்டு சாண் பின்வாங்குவேன். எழும்போது ஒரு பாதாம் பருப்பைக் கிண்ணத்தில் இட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் வந்துவிடுவேன். இருபதாம் நாளோ என்னவோ, நான் வாசித்துக்கொண்டிருக்கையில் ‘கரகர’வென்று மெல்லிய ஓசை வந்தது. அலகோடு அலகை அரைக்கும் ஓசை. ஒற்றைக்காலில் நின்று, இறகைத் தளர்த்தி, கண்ணை மூடி அரைத்துக்கொண்டிருந்தது. பறவை மனம் ஆறியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளமாம். இல்மை வாசித்து மாணவரை உறங்கவைத்த அனுபவம் எனக்குப் புதிதல்ல. அதற்காக மகிழ்ந்தது அன்றுதான்.

எங்கள் வீட்டின் வழக்கங்கள் சில மாறவேண்டியிருந்தன. வெள்ளி இரவுச் சாம்பிராணி முதலில் நின்றது. பறவைகளின் நுரையீரலோடு காற்றுப்பைகள் இணைந்திருப்பதால் நாம் இழுப்பதைவிட முழுமையாக அவை காற்றை உறிஞ்சுகின்றன. நமக்கு மணமாயிருப்பது அவற்றுக்கு நஞ்சாகலாம். ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவுமீறிக் காய்ந்தால் வரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும் என்று கேட்டதும், என் மனைவி அப்படியிருந்த இரண்டு வாணலிகளையும் அன்றே வெளியேற்றி, மாமியார் காலத்து இரும்புச் சட்டியை மீண்டும் அரியணை ஏற்றினார். மீன் வறுவல் முன்னைவிட நன்றாயிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். விட்டத்து மின்விசிறி அடுத்த அபாயம். வெட்டிவிட்ட சிறகு அடுத்தடுத்த இறகுதிர்ச்சியில் வளர்ந்துவிடும். கூண்டைத் திறக்குமுன் விசிறியை நிறுத்துவதென்பது எங்கள் வீட்டில் இப்போது எழுதாத சட்டம்.

உணவு விஷயத்தில் பறவைக்கும் எங்களுக்கும் நீண்ட வழக்காடல். வெறும் விதையில் உயிர்ச்சத்து ‘ஏ’ போதாது. இவ்வினத்துக்குச் சுண்ணாம்புச்சத்தும் எளிதில் குறைந்து வலிப்பு வரும். எனவே முருங்கைக்கீரை, கேரட், பூசணி, பப்பாளி. காஸ்கோ அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் எறிந்தது. என் மனைவிதான் வழி கண்டார். கூண்டு தெரியும்படி உட்கார்ந்து, வேகவைத்த கேரட்டைத் தாம் ரசித்து உண்டார், அதற்குக் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அது கம்பியோரம் வந்து தலையை நீட்டியது. சாக்லேட், வெண்ணெய்ப் பழம், காப்பி மூன்றும் அதற்கு ஆகாது. வளைகுடாவிலிருந்து வரும் விருந்தாளிகள் நிறைந்த ஊரில் சாக்லேட்டைத் தடுப்பதென்றால் வாசலில் காவல் போட வேண்டியதுதான்!

இன்னொன்று. கிண்ணத்தில் உணவை வைத்துவிட்டால் பறவைக்கு நாள் முழுதும் வேலையில்லை. காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி மாலையில் நிறைந்து திரும்பும் பறவையைத்தான் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உதாரணம் காட்டினார்கள். அது கிளம்புகிறது என்பதை நாம் மறந்துவிடலாகாது. கிளம்ப இடமின்றி, தேட ஒன்றுமின்றி இருக்கும் அறிவுள்ள பிராணி தன் மேனியையே பிய்க்கிறது. மகள் பனையோலையில் சிறு பெட்டிகள் முடைந்து, உள்ளே பருப்பை ஒளித்துத் தொங்கவிட்டாள். அவள் அரைமணி நேரம் முடைந்ததை அது கால்மணியில் கிழித்துப்போடும். மார்பைப் பிடுங்குவது குறைந்தது, நிற்கவில்லை. சில இடங்களில் இறகின் வேரே கெட்டுவிட்டதால் இனி அங்கே முளைக்காது என்கிறார் மருத்துவர். சவ்வரிசி அளவு ரோஜா நிறத் தோல் இரண்டு மூன்று இடத்தில் எப்போதும் தெரியும்.

‘ஹஜ்ரத் வீட்டுக் கிளி’ என்று பெயர் பரவியதும் ஆட்கள் வரலாயினர். எல்லாருக்கும் ஒரே கேள்வி: கலிமாச் சொல்லுமா? கற்றுக்கொடுக்கக் கூடாதா? நான் மறுத்துவிட்டேன். நாட்டமில்லாத வாயில் அந்த வாக்கை வைத்து, கூடியிருப்போர் கைதட்டிச் சிரிப்பதை என் மனம் ஒப்பவில்லை. ஆனால் கிளியின் பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதை என் தஜ்வீது வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ‘ப’வும் ‘ம’வும் இதழ்களில் பிறப்பவை என்று தொல்காப்பியப் பிறப்பியலும் சொல்கிறது, தஜ்வீதும் சொல்கிறது. கிளிக்கோ இதழே கிடையாது! மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்தில், நெஞ்சுக்குள் இருக்கும் ஓர் உறுப்பிலிருந்து ஒலி எழுப்பி, தடித்த நாவால் அதைத் திருத்தி, ‘வாப்பா’ என்று பிசகின்றிச் சொல்லிவிடுகிறது. எங்கள் காரிகள் வியக்கும் மக்ரஜ்!

ஆனால் அந்த ‘வாப்பா’ வந்தது பின்னால். ஆறு வாரம் வரை அது ஒரு சொல்லும் பேசவில்லை. ஏழாவது வாரத்தில் ஓர் இரவு, இஷா தொழுதுவிட்டு வந்து கூண்டைத் துணியால் மூடி விளக்கணைத்திருந்தோம். மணி எட்டரை. முன்னறையில் தொலைபேசி மணி ஒலித்தது. எங்கள் வீட்டு மணியன்று. பிறகு ஓர் இருமல். அதன்பின், மௌத்தாகிப் பல மாதங்களான அந்தப் பெரியவரின் குரல்:

“வஅலைக்கும் ஸலாம்… சொல்லும்மா.”

சிறிது இடைவெளி.

“சாப்பிட்டியாம்மா?”

மறுபடி இடைவெளி.

“புள்ள தூங்கிட்டானா?… ம்… ம்… அப்ப வச்சிரட்டுமாம்மா?”

என் மனைவி ‘இன்னா லில்லாஹி’ சொல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டார். எட்டரை மணியென்றால் ஷார்ஜாவில் ஏழு. நாள்தோறும் மகள் பேசும் நேரம் அது. பறவை தகப்பனாரின் சொற்களை மட்டும் கற்றிருக்கவில்லை. மறுமுனையில் மகள் பேச எடுத்துக்கொண்ட நேரத்தையும் சேர்த்தே கற்றிருந்தது. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் ஆய்வாளர் 1977 முதல் அலெக்ஸ் என்னும் சாம்பல் கிளியைப் பயிற்றியபோது, பறவையின் எதிரே இருவர் கேள்வியும் விடையுமாகப் பேசிக்காட்டிய முறையைத்தான் கையாண்டாராம். அவர் முயன்று செய்ததைப் பெரியவரின் வீட்டுத் தொலைபேசி முயலாமலே செய்துவிட்டது.

செய்தி கேட்ட உறவுக்காரர் ஒருவர், இது ஜின்னுடைய வேலை, பறவையை வெளியேற்றுங்கள் என்றார். அதற்கு நான் நேரம் செலவிடவில்லை. என்னை உறங்கவிடாதது வேறொன்று. அது இரவுதோறும் அதே நேரத்தில் கேட்டது. ஒவ்வொரு இடைவெளியிலும் காத்திருந்தது. விடை வராமல் அடுத்த கேள்விக்குப் போயிற்று. காட்டில் இலைமறைவில் ஒன்றையொன்று காணாத பறவைகள் ‘இருக்கிறாயா’ என்று அழைத்துக்கொண்டே இருக்கும். மறுகுரல் வந்தால் அமைதி, வராவிட்டால் அச்சம் என்று மகள் சொன்னாள். நாட்டமில்லை என்று கிதாபில் ஓதினோமே, அது வணக்கத்துக்குரிய நாட்டம். தேட்டமும் இல்லையென்று எந்த நூலாரும் எழுதவில்லை.

“நான் பதில் சொல்லட்டுமா வாப்பா?” என்று கேட்டாள் மகள்.

நான் ஓரிரவு யோசித்துவிட்டுச் சம்மதித்தேன், ஒரு கட்டுப்பாட்டோடு. அந்தப் பெண்ணாக நடித்துப் பேசலாகாது. பிள்ளை தூங்கிவிட்டான் என்று இல்லாத பிள்ளையைச் சொல்லலாகாது. நாமாக நின்று, நம் சொல்லால் சொல்லலாம். மறுநாள் இரவு “சாப்பிட்டியாம்மா?” என்று இருட்டுக்குள்ளிருந்து கேள்வி வந்ததும் அவள், “சாப்பிட்டேன் காஸ்கோ, நாங்க இங்கதான் இருக்கோம்” என்றாள். துணிக்குப் பின்னால் நீண்ட மௌனம். பிறகு, கம்பியில் நடந்து எங்கள் பக்கமாக வந்து நிற்கும் ஓசை கேட்டது.

ஷார்ஜாவிலிருந்த மகளிடம் இதைச் சொல்வதா, மறைப்பதா? தகப்பன் குரல் அவருக்கு உரிய அமானத்து என்று எனக்குப் பட்டது. தொலைபேசியில் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. “விடுமுறைக்கு வரும்போது கேக்குறேன் ஹஜ்ரத். போன்ல வேணாம்” என்றார்.

எட்டாவது மாதம் மகனோடு வந்தார். எட்டு மணியிலிருந்து என் மனைவியோடு முன்னறையில் இருந்தார். எட்டரை ஆயிற்று; ஒன்பதும் ஆயிற்று. புதிய ஆளின் வாடை கண்டோ என்னவோ, பறவை மூச்சுவிடவில்லை. பையன் மடியிலேயே தூங்கிவிட்டான். அவர் எழுந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசற்படியில் நின்று எங்களுக்கு ஸலாம் சொன்னார்.

துணிக்குள்ளிருந்து விடை வந்தது: “வஅலைக்கும் ஸலாம்… சொல்லும்மா.”

அவர் நின்ற இடத்திலேயே நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சாப்பிட்டேன் வாப்பா. தூங்கிட்டான் வாப்பா. “அப்ப வச்சிரட்டுமாம்மா?” என்று வந்தபோது மட்டும் பேசவில்லை. கடைசியில், “இல்ல வாப்பா, இருங்க” என்றார்.

அதற்கு மேல் பறவையின் பாடத்தில் சொல் கிடையாது. சற்றுப் பொறுத்து, எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதை அப்படியே அடித்துக் காட்டியது. அழுதுகொண்டிருந்த பெண் சிரித்துவிட்டார். என் மனைவியும் சிரித்தார். பையன் விழித்துக்கொண்டு அழத் தொடங்கினான்.

பறவையைத் திருப்பி வாங்கிக்கொள்வது பற்றி அவரே மறுநாள் பேச்செடுத்தார். இவ்வினப் பறவையை நாடு கடத்திக்கொண்டுபோக இரண்டு நாட்டு அனுமதியும் வேண்டும். அதனினும் பெரிது, ஆறு மாதத்தில் எங்கள் காலடியோசைக்குப் பழகிய உயிரை மீண்டும் பெயர்ப்பது. “உங்க வீட்லயே இருக்கட்டும்” என்று அவரே முடித்தார். செலவுக்கு ஏதேனும் அனுப்புவேன் என்று பிடிவாதம் செய்ததால், மாதம் கால் கிலோ பாதாம் என்று ஒப்புக்கொண்டேன்.

இப்போது காஸ்கோவின் எடை 418 கிராம். எட்டரை மணிப் பேச்சு சில இரவுகளில் வருகிறது, பல இரவுகளில் வருவதில்லை. என் மனைவி நாள்தோறும் என்னிடம் சொல்லும் “கதவச் சாத்துங்க” என்பதை அவர் குரலிலேயே சொல்லக் கற்றுக்கொண்டிருப்பதால், இப்போதெல்லாம் நான் கதவை இரண்டு முறை சாத்துகிறேன்.

ஒரு காரியம் மிச்சமிருந்தது. நல்ல கவனிப்பில் இவ்வினம் நாற்பது, ஐம்பது ஆண்டு உயிர்வாழக்கூடியது. அதற்கு வயது பன்னிரண்டு, எனக்கு ஐம்பத்தேழு. வாரிசுக்கு வஸிய்யத் செல்லாது என்பதனால், என் ஹயாத்திலேயே காஸ்கோவை என் இளைய மகளுக்கு ஹிபாவாகக் கொடுத்துவிட்டேன். பதிவையும் அவள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்கிறோம். பெண் கேட்டு வருகிறவர்களிடம் கிளியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. இதுவரை வந்த இரண்டு வீட்டாரிடமும் சொல்லியிருக்கிறோம். ஒருவர் யோசித்துச் சொல்வதாகப் போனார். மற்றவர், அது மீன் சாப்பிடுமா என்று கேட்டார்.